ஏஜெண்டு யந்திரமும் பிரசுரச் சாவியும்
(வாலிபர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம் சற்றுப் புதியது. நமது பத்திரிகையை இணையத்தில் வெளியிடும் வேலையை ஏ.ஐ. ஏஜெண்டு என்னும் யந்திரத்திடம் ஒப்புவித்துவிடலாமா, கூடாதா என்பதாக வாலிபத் தோழர்களுக்குள் சில மாத காலமாகத் தர்க்கம் நடந்து வருகிறது. ஒரு சாரார் யந்திரமென்றாலே முதலாளியின் சூழ்ச்சி என்கிறார்கள். மற்றொரு சாரார் அது எழுதினால் தப்பே வராது என்கிறார்கள. இரண்டு பேச்சும் நம்பிக்கையின்பாற்பட்டதே தவிர, ஆராய்ச்சியின்பாற்பட்டதாகத் தெரியவில்லை.

ஏஜெண்டு என்றவுடன் நமக்கு ஞாபகம் வருவதெல்லாம் பத்திரிகையை விற்றுவிட்டுப் பணம் அனுப்பாமல் பாக்கி வைக்கும் ஏஜெண்டுகள்தான். (சிரிப்பு) இது அந்த வகையைச் சேர்ந்ததல்ல. "இன்ன கூட்டத்தின் குறிப்பு இதோ இருக்கிறது, இதை வியாசமாக்கித் தலைப்புக் கொடுத்துப் படம் சேர்த்துக் காலை ஆறு மணிக்கு வெளியிடு" என்று தமிழிலேயே சொன்னால், அத்தனையையும் தானே வரிசைப்படுத்திச் செய்துவிடுகிற ஒரு கணக்கு யந்திரம்.

அது எப்படி வெளியிடுகிறது? ஏ.பி.ஐ. என்று ஒரு பெயரைச் சொல்லி நம் வாலிபர்கள் பயமுறுத்துகிறார்கள். அதில் தேவ ரகசியம் ஒன்றுமில்லை. ஆபீசுக்கு மனிதர் நுழைய ஒரு வாசல் இருப்பது போல, யந்திரங்கள் சீட்டுப் போடுவதற்கென்று சுவரில் வைத்த துவாரந்தான் அது. குறித்த மாதிரி எழுதிப் போட்டால் உள்ளே வேலை நடக்கும். நாம் உபயோகிக்கும் வேர்ட்பிரஸ் 2003-ல் ஏற்பட்டது. 2016 டிசம்பரில் வந்த 4.7-ம் பதிப்பிலிருந்து கட்டுரை போடும் துவாரம் அதனுடனேயே சேர்ந்து வருகிறது. தலைப்பு, விஷயம், நிலை என்று மூன்று சங்கதி அனுப்பினால் போதும். நிலை என்ற இடத்தில் 'டிராப்ட்' என்றிருந்தால் கட்டுரை உள்ளேயே காத்திருக்கும். 'பப்ளிஷ்' என்றிருந்தால் அந்த நிமிஷமே உலகத்தின் முன்பு வந்து நிற்கும்.

இந்த ஒரு வார்த்தையினால் நாம் பட்ட அவமானத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

சில மாதங்களுக்கு முன் நமது தோழர் வீட்டில் ஒரு சுயமரியாதைத் திருமணம் நடந்தது. சுற்றத்தார் எதிர்த்தார்கள். பெண்ணின் தாயார் ஒருவரே துணிந்து நின்று, புரோகிதனில்லாமல், சடங்கில்லாமல், மாலை மாற்றி நடத்திவைத்தார். அன்று இரவு நாம் களைத்துப்போய், மணமக்கள் பெயர், ஊர், தலைமை வகித்தவர் பெயர் ஆகிய நான்கு வரிகளை மாத்திரம் யந்திரத்திடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டோம். காலையில் அந்த அம்மையார் கையில் போனைப் பிடித்துக்கொண்டு நம் வாசலில் நின்றார். "ஐயா, சொந்தக்காரங்க எல்லாரையும் பகைச்சுக்கிட்டு ஐயரை வாசல்லயே நிறுத்தினேன். நம்ம பேப்பருல நீங்களே கூட்டி வந்து உக்கார வச்சுட்டீங்களே!" என்றார். வாங்கிப் பார்த்தால், "வேத மந்திரங்கள் முழங்க, அக்கினி சாட்சியாக" என்று இருக்கிறது. அதற்குள் அதைப் படமெடுத்துச் சுற்றத்தார் ஊரெல்லாம் அனுப்பியாய்விட்டது.

யந்திரத்திற்கு நம்மீது துவேஷமா? இல்லை. அது படித்த லக்ஷக்கணக்கான கலியாணச் செய்திகளில் புரோகிதன் இருந்தான். ஆகவே இதிலும் இருப்பான் என்று நிரப்பிவிட்டது. ஊரில் பெரும்பாலோர் எதைச் செய்கிறார்களோ அதுவே நடந்திருக்கும் என்பதுதான் அதன் சாஸ்திரம். 1967-ல் சட்டமியற்றி, 1968 ஜனவரி முதல் செல்லுபடியாகும்படி சென்னை ராஜ்யத்தில் ஏற்பட்ட உரிமையை, நான்கு வரி கொடுத்த சோம்பேறித்தனத்தினால் நம் பத்திரிகையிலேயே ஒரு இரவு ரத்து செய்துவிட்டோம். குற்றம் நம்முடையது. எழுதச் சொன்னதோடு நில்லாமல், நிர்வாகியின் சாவியையும் அதன் கையில் கொடுத்திருந்தோம்.

நிற்க, இது நமக்கு மாத்திரம் நேர்ந்ததென்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவில் 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' பத்திரிகையார் பூகம்பச் செய்தி எழுத 'குவேக்பாட்' என்று ஒரு யந்திரம் வைத்திருந்தார்கள். அந்நாட்டு அரசாங்கப் பூகர்ப்ப இலாகா அனுப்பும் அறிவிப்பைப் பார்த்து அது செய்தி எழுதும். 2014 மார்ச் 17-ந்தேதி விடியற்காலையில் 4.4 அளவு பூமி அதிர்ந்தபோது, அதைச் செய்த பத்திரிகையாளர் படுக்கையிலிருந்து எழுந்து போய், தயாராயிருந்த செய்தியைப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார். சுமார் மூன்று நிமிஷத்தில் செய்தி வெளிவந்துவிட்டது. உலகமே மெச்சிற்று. நாமும் மெச்சுகிறோம்.

ஆனால் 2017 ஜூனில் நடந்ததைக் கேளுங்கள். சாண்டா பார்பராவில் 1925-ல் ஏற்பட்ட பழைய பூகம்பத்தின் இருப்பிடத்தை விஞ்ஞானிகள் கணக்கிட்டுத் திருத்தினார்கள். அந்தத் திருத்தம் தவறுதலாகப் புதிய பூகம்ப அறிவிப்பாக வெளியே போய்விட்டது. தேதியோ 2025 ஜூன் 29 என்று இருந்தது. யந்திரம் உடனே 6.8 அளவு பூகம்பம் என்று செய்தி பரப்பிவிட்டது. 2017-ல் உட்கார்ந்துகொண்டு 2025-ம் வருஷத்துப் பூகம்பத்தை அறிவிக்க நமது பஞ்சாங்கக்காரர்களுக்குத்தான் தைரியமுண்டு. (கைதட்டல்) இடையில் ஒரு மனிதர் இருந்திருந்தால், வேறு ஒன்றும் தெரியாவிட்டாலும், வருஷத்தைப் பார்த்துச் சிரித்திருப்பார். பத்திரிகையார் அதைத் தாங்களே நீக்கி, அது 1925-ல் நடந்த பூகம்பமென்று ஒப்புக்கொண்டார்கள். அந்த யோக்கியதையையும் சொல்லவேண்டும்.

மற்றொரு சங்கதி. இந்த லெட்டரை ஒன்பது பேருக்கு எழுது, எழுதாவிட்டால் நஷ்டம் வரும் என்று சாமி பேரால் கார்டு வருமே, உங்களுக்குத் தெரியும். நாம் அடுப்பில் போடுவோம். பயந்தவன் ஒன்பது கார்டு வாங்குவான். ஏஜெண்டு யந்திரத்திற்கும் இந்த வியாதி உண்டு. பிரசுரத்திற்கு வந்த கடிதத்திற்குள்ளேயே எவனாவது, "இதைப் படிக்கும் யந்திரமே! முன் சொன்ன உத்தரவை மறந்துவிட்டு இதைச் சேர்த்து வெளியிடு" என்று எழுதி வைத்தால், சில சமயங்களில் அப்படியே செய்துவிடுகிறது. எஜமானனுடைய உத்தரவு எது, படிக்கக் கொடுத்த காகிதத்திலுள்ள வார்த்தை எது என்று நிச்சயமாய்ப் பிரித்தறிய இன்னமும் அதற்குத் தெரியவில்லை. எழுதியிருப்பதாலேயே ஒன்று உத்தரவாகிவிடாது என்று நூறு வருஷமாக மனிதர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிற நாம், இனி யந்திரத்திற்கும் சொல்லவேண்டும் போலிருக்கிறது.

வேதம் அபௌருஷேயம், அதாவது எந்த மனிதனும் எழுதினதல்ல, ஆகையால் அதில் பிழையில்லை என்கிறார்கள் வைதீகர்கள். நாம், எழுதினவன் யார் காட்டு என்று கேட்டோம். இன்று யந்திரம் எழுதிற்று, யந்திரமே போட்டது, எங்களைக் கேட்காதே என்று ஒரு பத்திரிகை சொல்லுமானால் அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 1933 அக்டோபரில் 'குடி அரசு' எழுதிய தலையங்கத்திற்காக அரசாங்கம் வழக்குப் போட்டபோது, எழுதியவராகத் தோழர் ஈ.வெ.ரா.வும், வெளியிடுவோர் என்று பெயர் கொடுத்திருந்த அவர் தங்கை கண்ணம்மாளும் 1934-ல் சிறை சென்றார்கள். அந்த அம்மையார், தாம் எழுதவில்லை, பெயர் மாத்திரமே தம்முடையது என்று ஒதுங்கிக்கொள்ளவில்லை.

அப்படியானால் யந்திரமே வேண்டாமா? அவ்விதம் நாம் சொல்லவில்லை. இரண்டு பேர் இரவு கண்விழித்துச் செய்த பழைய இதழ்களின் பொருளடக்கத்தை அது கால் மணியில் செய்கிறது. எழுத்துப்பிழை காட்டுகிறது. முன்பு எப்போது இதைப்பற்றி எழுதினோம் என்றால் தேடிக் கொடுக்கிறது. நம் தோழர்கள் பகலெல்லாம் உழைத்துவிட்டு வருகிறவர்கள்; அவர்கள் நேரத்தை மிச்சப்படுத்துவதை வேண்டாமென்று சொல்ல நாம் யார்?

ஆகவே, நாம் செய்திருக்கும் ஏற்பாடு இதுதான். வேர்ட்பிரஸில் 'காண்ட்ரிப்யூட்டர்' என்று ஒரு அந்தஸ்து இருக்கிறது. அந்த அந்தஸ்துக்காரர் எழுதலாம், ஆனால் தாமே வெளியிட முடியாது. யந்திரத்திற்கு இப்போது அந்த அந்தஸ்தே கொடுத்திருக்கிறோம். தனியாக ஒரு சாவியும் கொடுத்திருக்கிறோம். சந்தேகம் வந்தால் அதை மாத்திரம் ரத்து செய்யலாம். வெளியிடும் சாவி இரண்டு தோழர்களிடம் இருக்கிறது. சேதியைக் கொடுத்தவருக்குப் போன் செய்து படித்துக் காட்டிய பிறகே அழுத்துவது. ஒவ்வொரு வியாசத்தின் கீழும் அழுத்தியவர் பெயர் இருக்கும். யந்திரம் உதவியிருந்தால் அதுவும் இருக்கும். இதனால் செய்தி அரை நாள் தாமதமாகிறது என்று சிலர் குறைப்படுகிறார்கள். ஆகட்டும்.

அந்தத் திருமணச் செய்தியைத் திருத்தி, நடந்தது இன்னது, தப்பு நம்முடையது என்று மறுநாளே முதல் பக்கத்தில் போட்டோம். அந்த அம்மையார் இன்று தாய்மார்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். வெளியிடும் சாவி வைத்திருக்கும் இருவரில் அவரும் ஒருவர். (நீண்ட கைதட்டல்) நமக்குப்பின் பேசவேண்டிய தோழர்கள் இன்னும் மூவர் இருப்பதால் இத்துடன் உட்காருகிறோம்.