கற்பனைச் சோடிகளும் நிஜக் காயங்களும்



1868ஆம் ஆண்டில் அமெரிக்க எழுத்தாளர் லூயிசா மே அல்கொட் 'லிட்டில் விமன்' நாவலின் முதற்பாகத்தை வெளியிட்டார். நான்கு சகோதரிகளின் கதை அது. இரண்டாமவளான ஜோ, அயல்வீட்டு இளைஞன் லோரியையே மணக்க வேண்டும் என்று விரும்பி வாசகிகள் அவருக்குக் கடிதங்கள் எழுதினார்கள். அல்கொட் இணங்கவில்லை. 1869இல் வந்த இரண்டாம் பாகத்திலே ஜோ, தன்னிலும் வயதில் மூத்த ஜேர்மன் பேராசிரியர் ஒருவருக்கு வாழ்க்கைப்படுகிறாள்.

கதைமாந்தருள் யாருக்கு யார் பொருத்தம் என்று வாதிடுவது பழைய ஆசை. பாத்திரங்கள் வாசகர் மனத்தில் உயிர் பெற்றுவிட்டன என்பதற்கு அதுவே சாட்சி. 1970களில் 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரின் இரசிகர்கள், கேர்க், ஸ்பொக் இருவரையும் காதலர்களாக்கிக் கதை புனைந்து சிறு சஞ்சிகைகளிலே பகிர்ந்துகொண்டார்கள். 1990களில் 'எக்ஸ் ஃபைல்ஸ்' இரசிகர்களிடையே இவ்வாறு சோடி சேர்ப்பதற்கு ஒரு பெயரும் பிறந்தது: 'ஷிப்பிங்'. கப்பலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 'ரிலேஷன்ஷிப்' என்ற சொல்லின் வாற்பகுதி அது.

இன்று இவ்வாதம் இணையத்திலே நடைபெறுகிறது. அங்கேதான் அது நஞ்சாகியும் விடுகிறது. 2016 முதல் 2018 வரை வெளிவந்த 'வோல்ட்ரோன்' சித்திரத் தொடரைப் பாருங்கள். கீத் என்ற வீரனை லான்சுடன் சேர்த்து மகிழ்வோர் ஓர் அணி. ஷிரோவுடன் சேர்ப்போர் மற்றோர் அணி. ஷிரோ வயதில் மூத்தவன். ஆகவே அந்தச் சோடியை வரைபவர்களே ஒழுக்கக்கேடர்கள் என்று சிலர் தீர்ப்பளித்தார்கள். வரைந்தவர்கள் மீது வசைமாரி பொழிந்தது.

'ஸ்டீவன் யுனிவர்ஸ்' என்ற தொடரின் இரசிகர் வட்டத்திலே நடந்தது இதனினும் கொடிது. 2015இல் இளம் ஓவியர் ஒருவர், பாத்திரங்களின் உடலமைப்பை மாற்றி வரைந்தார் என்பது முதலான குற்றச்சாட்டுகளுக்காக ஓயாது வதைக்கப்பட்டு, தற்கொலைக்கு முயன்றதாகச் செய்திகள் வந்தன. 2016இல் அத்தொடரை உருவாக்கிய கலைஞர்களுள் ஒருவர், சோடிச் சச்சரவு தந்த தொல்லையால் டுவிட்டரை விட்டே விலகினார்.

தாக்கியவர்களிற் பலர், தாம் தீமையை எதிர்ப்பதாகவே நம்பினார்கள். அவர்களுடைய கவலை முழுவதும் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். சிறுவர்களும் பார்க்கும் தொடர்கள் இவை. எதை வரையலாம், எதை வரையலாகாது என்று கேட்பது விமர்சனம், அதற்கு இடமுண்டு. ஆனால், வரைந்தவரைத் தேடிப்பிடித்து, கூட்டமாகச் சேர்ந்து நாள்தோறும் ஏசுவது விமர்சனமாகாது.

கவிக்கூற்று வேறு, பாத்திரக்கூற்று வேறு என்பதை வகுப்பறையிலே முதற்பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறோம். கூனியைப் படைத்தமைக்காகக் கம்பனைக் கொடியவன் என்று எந்த மாணவனும் எழுதுவதில்லை. அந்த நிதானம் இரசிகனுக்கும் வேண்டும்.

கீத்தையும் லான்சையும் யாருடன் சேர்த்தாலும் அவர்களுக்கு நோகப்போவதில்லை. அவர்களை வரைந்த பிள்ளைக்கு நோகும். பிடிக்காத படத்தைக் கண்டால் கடந்து போய்விடலாம். அது ஒன்றும் பெரிய தியாகமன்று.