புளிப்புக்கு எத்தனை மதிப்பெண்?

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில், வேதியியல் துறைப் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



பீர் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் சங்கச் செயலாளர் போனில் கொஞ்ச நேரம் மௌனமாகிவிட்டார். "வேற தலைப்பே கிடைக்கலையா உங்களுக்கு?" என்றார். என் தொழில் உணவையும் பானத்தையும் சுவைத்து மதிப்பிடுவது. அதில் எனக்கு மிகவும் கஷ்டமான பாடம் எதுவோ அதைத்தானே உங்களிடம் பேச வேண்டும்? யாரையும் குடிக்கச் சொல்லி நான் இங்கே நிற்கவில்லை. நடுவர் மேசையில் ஒரு பீருக்கு அறுபது மில்லி ஊற்றுவார்கள். அதையும் முழுசாகக் குடிக்கிறவன் நல்ல நடுவன் இல்லை.

இரண்டு வகை பீரை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று அமெரிக்காவில் பீப்பாயில் ஊறிய கறுப்பு ஸ்டௌட். இன்னொன்று பெல்ஜியத்தின் புளிப்பு பீர்.

முதலாவதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். போர்பன் விஸ்கியை உள்பக்கம் கருக்கிய புதிய ஓக் மரக்கலத்தில்தான் வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஆக, ஒரு தடவை பயன்பட்ட பீப்பாய் போர்பனுக்கு மறுபடி உதவாது. ஒவ்வொன்றும் சுமார் 200 லிட்டர். சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலைக்காரர்கள் 1990களில் அந்தக் காலிப் பீப்பாய்களில் கெட்டியான ஸ்டௌட்டை ஊற்றி மாதக்கணக்கில் வைத்தார்கள். மரத்திலிருக்கும் லிக்னின் சிதைந்து வெனிலின் வருகிறது. ஓக் லாக்டோனிலிருந்து தேங்காய் வாசனை. கருகிய மரத்தின் புகை, மிச்சமிருந்த விஸ்கி, வறுத்த பார்லியின் காபிக் கசப்பு எல்லாம் சேர்ந்து வாயில் ஒரு கனமான இனிப்பு. ஆல்கஹால் 12 முதல் 15 சதவீதம் வரை போகும். யாருக்கும் முதல் வாயிலேயே பிடித்துப்போகும். சிக்கலே அங்கேதான் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இரண்டாவது வகைக்குப் பிரஸ்ஸல்ஸ் போக வேண்டும். அங்கே ஆண்டர்லெக்ட் பகுதியில் கான்டியோன் என்று ஒரு ஆலை, 1900இல் தொடங்கியது. 1978 முதல் அதுவே அருங்காட்சியகமும்கூட. உள்ளே போனால் ஒட்டடை தொங்கும். அடிக்க மாட்டார்கள், சிலந்தி இருந்தால்தான் பழ ஈக்கள் அடங்கும். அங்கே செய்கிற பீருக்கு லாம்பிக் என்று பெயர். முளைகட்டிய பார்லி கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு, முளைகட்டாத கோதுமை மூன்றில் ஒரு பங்கு. ஹாப்ஸும் புதிதாகப் போடுவதில்லை, வருஷக்கணக்கில் பழசானதைப் போடுவார்கள். அதில் கசப்பு போயிருக்கும், கிருமியைக் கட்டுப்படுத்தும் குணம் கொஞ்சம் இருக்கும். காய்ச்சிய சாற்றை மாடியில் அகலமான, ஆழமில்லாத ஒரு செம்புத் தொட்டியில் பரப்பி ராத்திரி முழுக்கத் திறந்தே வைப்பார்கள். ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை. காற்றிலும் கட்டடத்திலும் பீப்பாய் மரத்திலும் என்ன இருக்கிறதோ அதுதான் வேலை செய்யும்.

இதைக் கேட்டு ஐரோப்பியர்களே ஆச்சரியப்படுவார்கள். நமக்கு எதற்கு ஆச்சரியம்? நம் வீட்டு இட்லி மாவுக்கு யார் ஈஸ்ட் போட்டார்கள்? ராத்திரி மூடி வைத்தால் காலையில் பொங்கி நிற்கிறது. அதே இனக் காரியம்தான். ஆனால் மாவுக்கு ஒரு ராத்திரி போதும், லாம்பிக்குக்கு மூன்று வருஷம்.

அந்த மூன்று வருஷத்தில் பீப்பாய்க்குள் ஆட்சி மாறிக்கொண்டே இருக்கும். லூவன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 1970களில் இதை வரிசைப்படுத்திக் காட்டினார்கள். முதல் சில வாரம் குடல் பாக்டீரியா வகைகள். அப்போது முகர்ந்தால் ஓடிப்போவீர்கள். பிறகு சாதாரண ஈஸ்ட் வந்து சர்க்கரையை ஆல்கஹாலாக்கும். சில மாதம் போனதும் பீடியோகாக்கஸ் என்ற பாக்டீரியா லாக்டிக் அமிலத்தைக் கூட்டும். மோரில் இருக்கிற அதே அமிலம். கடைசியாக பிரெட்டனோமைசிஸ் என்று ஒரு ஈஸ்ட், மெதுவாக, மற்றவர்கள் விட்டுப்போனதையெல்லாம் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண பீரின் பி.ஹெச். 4.2, 4.5 என்று இருந்தால், இது 3.2, 3.5க்கு வந்துவிடும். ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம் ஆன லாம்பிக்குகளைக் கலந்து, புட்டியில் மறுபடி புளிக்கவிட்டால் கிடைப்பது க்யூஸ். கலக்கிறவருக்கு வாய்ப்பாடு கிடையாது. நாக்குதான்.

அந்த பிரெட்டனோமைசிஸின் பெயரைப் பாருங்கள். 1904இல் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தின் கிளாஸன் வைத்தது. பிரிட்டிஷ் பூஞ்சை என்று பொருள். இங்கிலாந்தில் நாள்பட வைத்த பீருக்கு அதற்கே உரிய மணம் இதனால்தான் வருகிறது என்று பாராட்டித்தான் சொன்னார். இன்று ஒயின்காரர் ஒருவரிடம் அந்தப் பேரைச் சொன்னால் முகம் சுளிப்பார். அது உண்டாக்கும் 4-எத்தில்ஃபீனால் மாட்டுத்தொழுவம் மாதிரி, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி மாதிரி மணக்கும். ஒயினில் அது கெடுதல். க்யூஸில் அளவாக இருந்தால் அழகு. ஒரே மூலக்கூறு! குறையா நிறையா என்று அதன் அமைப்பு வாய்பாடு சொல்லாது, கோப்பையில் என்ன இருக்கிறது என்பதுதான் சொல்லும்.

இதற்கு எப்படி மதிப்பெண் போடுவது? அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய பி.ஜே.சி.பி. என்ற நடுவர் அமைப்பின் தாளில் மொத்தம் 50. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் மூன்று என்பது எனக்குப் பிடித்த விஷயம். 38க்கு மேல் போனால் மிகச் சிறப்பு, 45க்கு மேல் உலகத் தரம். 13க்குக் கீழே என்றால் அந்த பீரில் ஏதோ பெரிய கோளாறு. எந்த வகை பீர் என்று முதலில் தெரிந்துகொண்டு, அந்த வகைக்கு உரிய இலக்கணத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும். தாளில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, நாக்கு கேட்க வேண்டுமே!

ஒரு போட்டி. ஊர் பேர் வேண்டாம். எங்கள் மேசைக்கு ஒரு க்யூஸ் வந்தது. எலுமிச்சைத் தோல், வைக்கோல், பின்னால் லேசாகத் தொழுவம். நான் 41 போட்டேன். பக்கத்திலிருந்தவர் 19 போட்டு "கெட்டுப்போச்சு" என்று எழுதியிருந்தார். நல்ல மனிதர், அனுபவஸ்தர். ஆனால் அவர் ஆறு ஸ்டௌட்டை முடித்துவிட்டு நேராக எங்கள் மேசைக்கு வந்திருந்தார். அல்வா சாப்பிட்டுவிட்டு மோர் குடித்தால் மோர் என்னவாகும்? பேசிப் பேசி 33க்கு வந்தோம். அது பரிசுக்குப் போதாது. மூன்று வருஷம் பீப்பாயைக் காத்த ஒரு சின்ன ஆலைக்காரருக்கு நாங்கள் கொடுத்தது அந்த எண். வரிசையை அமைத்தவர்கள் புளிப்பை முதலிலும் கனமானதைக் கடைசியிலும் வைத்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 2015இல் கூஸ் ஐலண்ட் தன் பீப்பாய் ஸ்டௌட்டை வெளியிட்டது. வாங்கியவர்களில் சிலர், புளிக்கிறதே என்றார்கள். ஆய்வில் லாக்டோபேசிலஸ் அசிட்டோடாலரன்ஸ் என்ற பாக்டீரியா புகுந்திருப்பது தெரிந்தது. 2016 ஜனவரியில் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தார்கள். அடுத்த தயாரிப்பிலிருந்து கணநேரப் பாஸ்டர் முறையில் சூடாக்கிய பிறகே புட்டியில் அடைக்கிறார்கள். பிரஸ்ஸல்ஸில் வரவேற்கிற விருந்தாளியைச் சிகாகோவில் வாசலோடு அனுப்புகிறார்கள். இருவரும் செய்தது சரிதான். வாங்குகிறவருக்கு வாக்குக் கொடுத்தது எது என்பதுதான் கேள்வி.

பொதுமக்கள் போடுகிற மதிப்பெண் இன்னொரு வேடிக்கை. பல வருஷம் அந்தப் பட்டியல்களின் தலைப்பக்கம் கனமான ஸ்டௌட்டுகளாகவே இருந்தன. நான் சொன்ன சிக்கல் இதுதான். பத்து பீரைச் சேர்த்துச் சுவைத்தால் சத்தமாகப் பேசுகிறதுதான் நினைவில் நிற்கும். பட்டியலுக்கு பலமும் உண்டு. 2005இல் வெஸ்ட்வ்லெட்டரன் மடத்துத் துறவிகளின் பீர் ரேட்பீர் பட்டியலில் முதலிடம் பிடித்ததும் மடத்து வாசலில் கார்கள் வரிசை கட்டின, சரக்கும் தீர்ந்துபோனது. அந்த ரேட்பீரும் 2025இல் மூடப்பட்டுவிட்டது.

மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், இது தேர்வுக்கும் உதவும். இரண்டு மாதிரிக்கு வித்தியாசம் உண்டா என்று பார்க்க மூன்று கோப்பைச் சோதனை வைப்போம். இரண்டில் ஒன்றே, மூன்றாவதில் வேறு. எது வேறு என்று கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாக வரும். ஆகவே 12 பேர் சுவைத்தால் குறைந்தது 8 பேர் சரியாகச் சொன்னால்தான் நம்புவோம். 7 பேர் போதாது. ஏன் 8 என்று ஈருறுப்புப் பரவலை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். நல்ல நாக்கு என்று பெருமை பேசுகிற எத்தனையோ பேரை இந்த மூன்று கோப்பை உட்கார வைத்திருக்கிறது.

கான்டியோன் பற்றி இன்னொரு செய்தி. அந்தத் திறந்த தொட்டி முறைக்கு ராத்திரி குளிர வேண்டும். அதனால் அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் காய்ச்சுவார்கள். 2015 இலையுதிர் காலத்தில் ராத்திரிகள் வெதுவெதுப்பாகவே இருந்ததால் சில நாள் காய்ச்சலை நிறுத்த வேண்டி வந்தது. சூடான ராத்திரியில் தொட்டியில் வேறு கூட்டம் வந்து குடியேறிவிடும். குளிர்சாதனம் வைத்தால் என்ன என்று கேட்கலாம். வைக்கலாம், ஆனால் வெளிக்காற்றை உள்ளே விடாவிட்டால் அது லாம்பிக்தானா? 2016இல் பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்க்கலாம், ராத்திரியைக் குளிரவைக்க யுனெஸ்கோவால் முடியுமா?

நேரமாகிவிட்டது என்று செயலாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார். சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணிக்கு வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கு வாருங்கள். மூன்று கோப்பைச் சோதனை வைத்திருக்கிறேன். பீர் இல்லை, பயப்படாதீர்கள், மோர்தான். இரண்டு கோப்பையில் வெறும் மோர், ஒன்றில் சில துளி வினிகர். லாக்டிக் புளிப்பும் அசிட்டிக் புளிப்பும் நாக்கில் எங்கே பிரிகிறது என்று பார்க்கலாம். வெற்றிலை போட்டுக்கொண்டு வராதீர்கள், பேராசிரியர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.