பூட்டி வைத்த அட்டவணை



அயர்லாந்தில் பிறப்புப் பதிவேடு ஊருக்குப் பொது. பெயரும் தேதியும் தெரிந்தால், கட்டணம் கட்டி அடுத்த வீட்டுக்காரருடைய பிறப்புச் சான்றிதழைக்கூட வாங்கிவிடலாம். ஆனால் தத்துக் கொடுக்கப்பட்டவரால் தன்னுடையதை வாங்க முடியவில்லை. பிறந்தபோது வைத்த பெயர் அவருக்குத் தெரியாதே! 1952 ஆம் ஆண்டுச் சட்டம் தத்துப் பிள்ளைகளுக்குத் தனிப் பதிவேடு வைத்தது. இரண்டு பதிவேடுகளையும் இணைக்கும் அட்டவணை பூட்டுக்குள் போயிற்று.

தத்துப் போனவர்களில் சிலர் டப்ளின் பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்து, தாங்கள் பிறந்த தேதியில் பதிவான அத்தனை பெயர்களையும் எழுதிக்கொண்டார்கள். திருமணப் பதிவுகளோடு ஒப்பிட்டு, அதே பெயரில் மணம் முடித்தவர்களை ஒவ்வொருவராக அடித்துக்கொண்டே வந்தார்கள். மிஞ்சுகிற பெயர் தங்களுடையதாக இருக்கலாம் என்ற நம்பிக்கை.

தாய்மார்களும் தேடினார்கள். அவர்களில் ஒருவரான ஃபிலோமினா லீயின் கதை 2013 இல் திரைப்படமாக வந்தது. கல்யாணமாகாமல் கருவுற்றதால் ராஸ்க்ரே ஊர் மடத்துக்கு அனுப்பப்பட்டவர். அங்கே பிறந்த மகன் மூன்று வயதில் அமெரிக்காவுக்குத் தத்துப் போனான். பின்னாளில் தாயும் தேடி வந்தார், மகனும் தேடி வந்தார், அதே மடத்துக்கு. ஒருவர் வந்ததை மற்றவரிடம் யாரும் சொல்லவில்லை. 1995 இல் மகன் இறந்தார். அவர் விருப்பப்படி அந்த வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

தாயின் அந்தரங்கத்தைக் காக்கத்தான் இந்த ரகசியம் என்பார்கள். 1998 இல் அயர்லாந்து உச்ச நீதிமன்றமும், தாய் யாரென்று அறியும் உரிமை உண்டு, ஆனால் தாயின் அந்தரங்கத்தோடு சேர்த்தே அதை எடைபோட வேண்டும் என்றது. கணவருக்கே சொல்லாத தாய்மார்கள் உண்டு. அவர்கள் பயத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் ரகசியம் வேண்டுமா என்று ஃபிலோமினாவை யார் கேட்டார்கள்?

2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டம் முடிச்சைச் சரியான இடத்தில் அவிழ்த்தது என்பேன். தகவல் வேறு, சந்திப்பு வேறு. 16 வயதானவர் தன் பிறப்புச் சான்றிதழைக் கேட்டால் கொடுத்தாக வேண்டும். தொடர்பு வேண்டாம் என்று தாய் பதிந்திருந்தால், அதைத் தொலைபேசியிலோ காணொளியிலோ எடுத்துச் சொல்லிவிட்டு, பிறகு கொடுக்கிறார்கள். எங்களுக்கு மட்டும் எதற்கு இந்தப் பாடம் என்று தத்துப் போனவர்கள் பலருக்குக் கோபம். நியாயம்தான்.

சட்டத்தால் எளிதில் எட்ட முடியாதவர்களும் இருக்கிறார்கள். வளர்த்தவர்களே பெற்றவர்கள் என்று பொய்யாகப் பதியப்பட்ட குழந்தைகள். 2018 இல் ஒரே தத்து நிறுவனத்தின் கோப்புகளில் இப்படி 126 பேர் தெரியவந்தார்கள். 1946 முதல் 1969 வரை நடந்த பதிவுகள். தாங்கள் தத்துப் பிள்ளை என்பதையே அறியாமல் முடி நரைத்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்குத் திறக்க வேறொரு பதிவேடு இல்லை. கோப்பில் எழுதி வைத்த குறிப்போ, டி.என்.ஏ. பரிசோதனையோதான் வழி.