வானம் தோண்டும்போது எலும்பு கண்டால்



மத்திய சர்க்காரின் காகிதங்களைத் தமிழாக்குவது நமது தொழில். சில மாதங்களுக்கு முன் ஒரு பக்க அளவில் ஓர் அறிவிப்பு நம் மேசைக்கு வந்தது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் மண்ணுக்குள்ளிருந்து மனித எலும்புகள் எதிர்பாராமல் வெளிப்பட்டால் தொழிலாளர் யாது செய்ய வேண்டும் என்பதே அதன் பொருள். டில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் மண் வெட்டியும் கல் சுமந்தும் பிழைக்கும் நம்மவர் பலராதலின், அது தமிழிலும் வேண்டுமென்று கேட்டிருந்தார்கள்.

மூலத்தில் இருந்த ஆங்கிலச் சொல் 'ஹ்யூமன் ரிமெய்ன்ஸ்'. அகராதியைப் பார்த்து 'மனித எச்சங்கள்' என்று எழுதினோம். எழுதிய வாசகம் உரியவருக்கு விளங்குமா என்று அறிய, நம் குடியிருப்பை அடுத்து வசிக்கும் சேலத்து மேஸ்திரி ஒருவரிடம் படித்துக் காட்டினோம். அவர் முப்பது ஆண்டுகளாக டில்லியில் கட்டட வேலை செய்பவர். "எச்சமா சார்? காக்கை எச்சம் தெரியும். மனித எச்சம் என்றால் கழுவி விட வேண்டியதுதானே?" என்றார். சிரிப்பதற்காகச் சொன்னதன்று. நாம் தலை குனிந்து அச்சொல்லை அடித்துவிட்டு, 'மனித எலும்புகளோ உடலின் பகுதிகளோ' என்று எழுதினோம்.

ஆனால் மேஸ்திரி எழுந்து போகவில்லை. சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, தம் இளவயதில் வடநாட்டு நகரம் ஒன்றின் எல்லையில் நடந்ததைச் சொன்னார். வானம் தோண்டிக் கொண்டிருந்தபோது இடுப்பளவு ஆழத்தில் ஒரு மண்டை ஓடும் இரண்டு கை எலும்புகளும் வந்தன. கை எலும்போடு கண்ணாடி வளையல் துண்டுகள் ஒட்டியிருந்தன. வேலையை நடத்தியவர் வந்து பார்த்தார். போலீஸ் வந்தால் ஒரு மாதம் வேலை நின்றுவிடும் என்றார். இரவோடு இரவாக எல்லாவற்றையும் சாக்கில் கட்டி, இடிசலோடு லாரியில் ஏற்றி எங்கோ கொட்டிவிட்டார்கள். மறுநாள் இரட்டைக் கூலி. "பச்சை வளையல் சார். அது நூறு வருஷத்துக்கு முந்தினதோ, போன வருஷம் காணாமற் போன பெண்ணோ, யாருக்குத் தெரியும்?" என்றார்.

இந்தக் கேள்விக்கு அந்த இடத்திலேயே விடை கிடைத்திருக்கலாம் என்பதுதான் நம்மை உறுத்துகிறது. எலும்பின் நிறத்தைக் கொண்டு அதன் வயதைச் சொல்ல இயலாது. செம்மண்ணில் கிடந்தது சில ஆண்டுகளிலேயே பழுப்பேறும். வறண்ட மணலில் கிடந்தது பல காலம் வெளுப்பாகவே இருக்கும். சூழ்ந்திருக்கும் மண்ணே வயதைச் சொல்ல உதவும். தலை எத்திசையில் கிடந்தது, கால் மடங்கியிருந்ததா நீண்டிருந்ததா, அருகில் மட்கலம் இருந்ததா பொத்தான் இருந்ததா, மேலே குழி வெட்டிய தடம் தெரிந்ததா என்பனவெல்லாம் ஒரே ஒரு முறை படிக்கக்கூடிய ஏடு. மண்வெட்டி அதைக் கலைத்துவிட்டால் மறுபடி அடுக்க எவராலும் ஆகாது.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. பஞ்சாபில் அமிர்தசரஸ் ஜில்லாவில் அஜ்னாலா என்ற ஊர். 1857-இல் லாகூரை அடுத்த மியான் மீர் பாளையத்தில் ஆயுதம் பறிக்கப்பட்டிருந்த 26-ஆம் வங்காளக் காலாட்படைச் சிப்பாய்கள், ஜூலை 30-ஆம் நாள் கிளர்ந்தெழுந்து தப்பினார்கள். அமிர்தசரஸின் டெபுடி கமிஷனராயிருந்த பிரெடரிக் கூப்பர் அவர்களைப் பிடித்து அஜ்னாலாவில் அடைத்தார். ஆகஸ்ட் 1-ஆம் நாள் 237 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடைத்து வைத்த இடத்திலேயே மூச்சு முட்டி இறந்து கிடந்தவர் 45 பேர். 282 உடல்களும் ஒரு பாழ்ங்கிணற்றில் தள்ளப்பட்டன. இதைக் கூப்பரே மறுவருஷம் வெளியிட்ட தமது நூலில் பெருமையோடு எழுதி வைத்தார்.

பிற்காலத்தில் அக்கிணற்றின் மேல் ஒரு குருத்வாரா எழுந்தது. 2014-ஆம் ஆண்டில் உள்ளூர் மக்கள், தியாகிகளுக்கு உரிய மரியாதை செய்ய வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு, தாங்களே கிணற்றைத் தோண்டினார்கள். அகழ்வுத் தொழில் அறிந்தவர் கை அதில் இல்லை. எலும்புகள் உடைந்தன, ஒருவருடையது இன்னொருவருடையதோடு கலந்தது, எது மேலே கிடந்தது, எது கீழே கிடந்தது என்ற குறிப்பு இல்லை. பிறகு வழக்கு மூண்டது. இவர்கள் 1857-இன் சிப்பாய்கள்தாமா, 1947 பிரிவினைக் கலவரத்தில் மாண்டவர்களா என்று அறிஞரிடையே ஐயம் எழுந்தது.

ஐயத்தைத் தீர்த்தவை பற்கள். எலும்பு நொறுங்கினாலும் பல் எளிதில் அழிவதில்லை; அதன் உள்ளே மரபணு காக்கப்பட்டிருக்கும்; அதன் எனாமலில், பிள்ளைப் பருவத்தில் குடித்த நீரும் உண்ட உணவும் விட்டுச் சென்ற அடையாளம் இருக்கும். பஞ்சாப் பல்கலைக்கழகம், ஐதராபாத்தின் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையம், லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிலையம், காசி இந்து பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்து 2022-இல் முடிவை வெளியிட்டனர். மாண்டவர்கள் பஞ்சாபியர் அல்லர். கங்கைச் சமவெளியைச் சேர்ந்தவர்கள் என்றே சான்று காட்டியது. வங்காளப் படையில் அப்பகுதியினர் மிகுந்திருந்தனர் என்ற வரலாற்றோடு அது பொருந்தியது. வீடு விட்டு வெகுதூரம் வந்து மாண்டவர்கள் எந்த ஊர்ப் பக்கத்தவர் என்பது 165 ஆண்டுகளுக்குப் பின் தெரிந்தது. ஆனால் தனித்தனியே இன்ன எலும்பு இன்னவருடையது என்று பிரித்து வைக்கும் வாய்ப்பு 2014-இன் அவசரத்திலே பெரிதும் போயிற்று.

மாறாக, உத்தரப் பிரதேசத்தில் பாக்பத் ஜில்லாவின் சனௌலியைப் பாருங்கள். 2005-இல் உழவர்கள் வயலைச் சமன் செய்தபோது எலும்புக்கூடுகளும் பானைகளும் தட்டுப்பட்டன. செய்தி தொல்லியல் துறையை எட்டியது. முறைப்படி அகழ்ந்ததில் 116 புதைகுழிகள் வெளிப்பட்டன. 2018-இல் அதே ஊரில் மரப் பேழைகளும் செம்பு பதித்த வண்டிகளும் கிடைத்தன. அவை ஏறக்குறைய 4000 ஆண்டு பழமையானவை. தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரை அறிந்த நமக்கு இது புதிதன்று; முதுமக்கள் தாழியை ஏர்முனையில் கண்டு, பயந்து மூடிவிட்டுக் கற்பூரம் ஏற்றிய பாட்டன்மார் நம் ஊர்களில் இருந்தார்கள். அந்தப் பயத்தினால் பல தாழிகள் பிழைத்தன என்றுகூடச் சொல்லலாம்.

ஆகவே, எலும்பு தென்பட்டால் முதலில் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். எடுக்கலாகாது; கழுவலாகாது; பக்கத்துச் சுவரில் அடுக்கி வைக்கவும் கூடாது. ஏற்கெனவே வெட்டிக் குவித்த மண்ணையும் வண்டியில் ஏற்றாமல் அங்கேயே விட வேண்டும். விரல் எலும்பும் பல்லும் அதில்தான் இருக்கும். வெயிலும் மழையும் படாமல் துணி அல்லது தார்ப்பாயால் மூடி, சுற்றிக் கயிறு கட்டி, ஓர் ஆளைக் காவல் வைத்துவிட்டு, பொறியாளருக்கும் போலீசுக்கும் சொல்ல வேண்டும். 112 என்ற தொலைபேசி எண் எந்த மாநிலத்திலும் உதவும். ஆட்டெலும்பாக இருந்தால் என்ன செய்வது என்று கூசுவோர் உண்டு. ஆட்டெலும்பென்று மருத்துவர் சொல்லட்டும். அதனால் எவருக்கும் நஷ்டமில்லை.

போலீசார் ஏன் முதலில் வருகிறார்கள் என்று கேட்கலாம். சந்தேகத்துக்குரிய மரணமானால், 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 194-ஆம் பிரிவுப்படி, மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவித்து விசாரணை நடத்துவது அவர்கள் கடமை. குற்றம் நடந்ததென அறிந்து அதன் சாட்சியத்தை மறைப்பது தண்டனைக்குரியது. பழமையானதென்று தெரிந்தால் காரியம் கலெக்டருக்கும் தொல்லியல் துறைக்கும் போகும். கூடவே பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டுமென்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் கூறுகிறது. மறந்துபோன இடுகாடாயிருந்தால், அந்தச் சமூகத்தாரைக் கேளாமல் மறு அடக்கம் செய்வது தகாது.

இவ்வளவையும் எளிய தமிழில் எழுதி மீண்டும் மேஸ்திரியிடம் படித்தோம். இம்முறை அவருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. "எல்லாம் சரி சார். வேலை நிற்கிற நாளுக்குக் கூலி யார் கொடுப்பார் என்று இதில் இல்லையே?" என்றார்.

மூலத்தில் இல்லாததை மொழிபெயர்ப்பில் சேர்க்க நமக்கு அதிகாரம் இல்லை. ஆயினும் அன்று இரட்டைக் கூலி பேசியதால்தான் அந்த வளையல் லாரியில் போயிற்று என்பதை நாம் மறக்க முடியவில்லை. வேலை நிற்கும் நாட்களின் கூலியைப் பற்றி ஒரு வாக்கியம் சேர்ப்பது நலம் என்று கோப்பின் ஓரத்தில் குறித்து மேலே அனுப்பினோம். கோப்பு இன்னும் திரும்பவில்லை. வழியில் எதிர்ப்படும்போதெல்லாம் மேஸ்திரி அதைப் பற்றிக் கேட்கிறார்.