செஞ்சோற்றுக் கடனும் சிப்பாயின் பொறுப்பும்



இராவணன் செய்தது பிழையென்று அறிந்தும் கும்பகர்ணன் செஞ்சோற்றுக் கடனுக்காகப் போர்க்களம் புகுந்தான். அவனைப் போற்றுகிறோம். ஆயினும் அக்கடன் எதுவரை செல்லும்? விடை தேட இதிகாசத்துக்குப் போக வேண்டியதில்லை. நமது தலதா மாளிகை அருகே நிற்கும் கெப்பெட்டிப்பொல நினைவுச் சின்னமே போதும்.

1817இல் எழுந்த ஊவா, வெல்லசைக் கிளர்ச்சியை அடக்கும்படி ஆங்கிலேயர் தமது திசாவையான கெப்பெட்டிப்பொலவை அனுப்பினர். அவரோ மக்கள் பக்கம் சேர்ந்தார். அரசாங்கத் துவக்குகளை அரசாங்கத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார். உண்ட சோற்றுக்கு இதைவிட நேர்மையாகக் கணக்குத் தீர்த்தவர் உண்டோ? 1818 நவம்பர் 26ஆந் திகதி கண்டியிலே அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

மறுபக்கத்தில் சேவித்தவர் இராணுவ வைத்தியர் ஹென்றி மார்ஷல். வீடுகளும் நெல்லும் எரிக்கப்பட்ட அப்போரில் அவர் வேலை நோயாளரைப் பார்ப்பது. ஆயினும் கெப்பெட்டிப்பொலவின் மண்டையோட்டை எடின்பரோவிலுள்ள ஒரு சபைக்குக் கொடுத்தவரும் அவரே! அதே மனிதர் 1846இல் வெளியிட்ட நூலில், கிளர்ச்சி வென்றிருந்தால் கெப்பெட்டிப்பொல தேசபக்தரென்றே கொண்டாடப்பட்டிருப்பார் என்று எழுதினார். மாண்ட கண்டியர் தொகை ஏறத்தாழ 10,000 என மதிப்பிடப்பட்டது.

"கட்டளைப்படி செய்தோம்" என்று வாய்மூடியிருந்தவர்களிலும் அவர் மேல் என்பேன். ஆனால் 28 ஆண்டுத் தாமதம் சிறிதன்று; பிள்ளைகளை இழந்த தாய்மாரிற் பலர் அதற்குள் மறைந்திருப்பர். போரினின்று மீண்டவனுக்குச் சம்பளம் உண்டு, பதக்கம் உண்டு. கண்டதைச் சொல் என்று மட்டும் எவரும் அவனைக் கேட்பதில்லை. எந்தப் படையினனாயினும் நாம் கேட்க வேண்டும், அவன் உயிரோடிருக்கையிலேயே.

அந்த மண்டையோடு கண்டியில் அடக்கம் பெற்றது 1954இலேதான்.