யாழ்ப்பாணத்து மன்னனும் தாஜிக்கர் மொழியும்

கி. பி. 1344ஆம் ஆண்டிலே, மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரையை நோக்கிப் புறப்பட்ட மரக்கலமொன்று காற்றினால் அலைப்புண்டு இலங்கையின் மேற்குக் கரையை அடைந்தது. அதிலே வந்தவர் மொரொக்கோ நாட்டவரான இபின் பதூதா. அக்கரை அப்பொழுது ஆரியச்சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்தை ஆண்ட அரசகுலத்து மன்னன் அவன். புத்தளத்திலே தங்கியிருந்த அம்மன்னன் விருந்தினரை வரவேற்று, முத்துக்களைக் காட்டி, சிவனொளிபாதமலைக்குச் செல்லப் பல்லக்கும் துணையாட்களும் உதவினான். இவற்றைத் தம் பயண வரலாற்றிற் கூறும் இபின் பதூதா, மற்றொரு செய்தியையும் குறித்து வைத்துள்ளார். அம்மன்னன் பாரசீக மொழியை விளங்கிக்கொண்டான். பிறநாட்டு அரசர்களைப் பற்றிய கதைகளைக் கேட்டு மகிழ்ந்தான் என்பதே அது.

தமிழ் மன்னன் ஒருவன் பாரசீகம் அறிந்திருந்தது வியப்பாகத் தோன்றலாம். ஆயின் அக்காலக் கடல் வாணிகத்தை நோக்கினால் வியப்பு நீங்கும். முத்தும் கறுவாவும் ஏற்றிச் சென்ற மரக்கலங்கள் மேலைத் துறைகளுக்குப் போய் வந்தன. அத்துறைகளிலே பலநாட்டாரும் கலந்து பேசுதற்குப் பாரசீகம் பொதுமொழியாய் உதவிற்று. இதற்குக் கல்லிலும் ஒரு சான்று உண்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்ததும், 1409ஆம் ஆண்டைக் குறிப்பதுமான கல்வெட்டொன்று 1911இல் காலி நகரிலே கண்டெடுக்கப்பட்டது. அதில் மூன்று மொழிகள் உள்ளன. சீனம் புத்தருக்கும், தமிழ் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகம் அல்லாஹ்வுக்கும் அளித்த காணிக்கைகளைக் கூறுகின்றன. கொழும்பு அரும்பொருட்சாலையில் அக்கல்லை இன்றும் காணலாம்.

துறைமுகத்திலே பாரசீகம் வணிகர் மொழி. தாய் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடும் மொழியாக அது வழங்கிய நாடுகளுள் ஒன்று, மத்திய ஆசியாவிலுள்ள தாஜிக்கர் நாடு. இபின் பதூதாவும் இந்தியாவுக்கு வருமுன் அந்நிலத்துப் பழம்பெரு நகரங்களான புகாரா, சமர்க்கந்து ஆகியவற்றினூடாகவே வந்தார். மங்கோலியரின் படையெடுப்பால் அழிந்த புகாரா அவர் காலத்திலும் முழுதும் எழுந்திருக்கவில்லை.

தாஜிக்கர் யாவர்? பாரசீகம் பேசிய மக்களைத் துருக்கியர் தாஜிக்கர் என்று அழைத்தனர், அப்பெயரே நிலைத்துவிட்டது. இன்று தஜிகிஸ்தானில் வாழ்வோர் சுமார் 1 கோடிப் பேர். அவர்களுட் பெரும்பாலார் தாஜிக்கர். அந்நாட்டின் நிலத்திலே பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மலையாகும். ஆப்கானிஸ்தானிலோ அதனினும் மிகுதியான தாஜிக்கர் வாழ்கின்றனர். சமர்க்கந்தும் புகாராவும் உஸ்பெகிஸ்தானுக்குள் அடங்கியுள்ளன. ஈரானிலே பார்சி என்றும், ஆப்கானிஸ்தானிலே தரி என்றும், தஜிகிஸ்தானிலே தாஜிக் என்றும் வழங்குவது அடிப்படையில் ஒரே மொழிதான். யாழ்ப்பாணத்துத் தமிழும் மதுரைத் தமிழும் மலேசியத் தமிழும் ஓசையில் வேறுபட்டாலும் ஒரு மொழியாதல் போன்றது அது.

ஓசை வேறுபாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். பாரசீகத்து ஆகாரம் தாஜிக்கர் வாயிலே பெரும்பாலும் ஓகாரமாய் ஒலிக்கும். ஆகவே, பாதாமை அவர்கள் போதோம் என்பர். நான் என்னும் ரொட்டியை நோன் என்பர். பாதாம் என்னும் இச்சொல் தமிழிலும் வழங்குவதை நேயர்கள் உணர்வர். நல்லூர்த் திருவிழாவிலே வேட்டிக்கு மேல் அணியும் சால்வையும், கணக்குச் சொல்லும்போது முன்னே வரும் சுமாரும் பாரசீகத்திலிருந்து தமிழுக்கு வந்த சொற்களே.

இம்மொழியின் இலக்கியம் மிகப் பழமையானது. ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளிலே புகாராவிலிருந்து ஆண்ட சாமானிய அரசர் அரபு மொழியின் செல்வாக்குக்கிடையே தம் மக்கள் மொழியைப் போற்றி வளர்த்தனர். அவர்தம் அவையில் விளங்கிய ரூதகி என்னும் புலவர் 941இல் மறைந்தார். அவர் பிறந்த பஞ்ச்ரூத் என்னும் மலைக்கிராமம் இன்று தஜிகிஸ்தானில் உள்ளது. ஆயிரம் ஆண்டுகள் கடந்தும், அவர் பாடலை ஒருவர் வாசித்துக் காட்டினால் தாஜிக்கச் சிறுவனும் பெருமளவு விளங்கிக்கொள்வான்.

வாசித்துக் காட்டினால் என்று கூறியதற்குக் காரணம் உண்டு. தாஜிக்கர் மொழியின் துயரமே அச்சொல்லில் அடங்கியுள்ளது.

1924இல் சோவியத்து அரசு மத்திய ஆசியாவைத் தேசியக் குடியரசுகளாக வகுத்தது. தாஜிக்கருக்குக் கிடைத்தது உஸ்பெகிஸ்தானுக்கு உட்பட்ட ஒரு தன்னாட்சிப் பகுதி. 1929இல் அது தனிக்குடியரசாயிற்று. ஆயினும் அவர்தம் பண்டைக் கலைநகரங்கள் எல்லைக்கு அப்பாலே நின்றுவிட்டன. தலைநகராக அமைந்தது துஷான்பே. அச்சொல்லுக்குத் திங்கட்கிழமை என்பது பொருள். திங்கள்தோறும் சந்தை கூடிய சிற்றூர் அது.

தாஜிக்கர் என்றொரு தனிமக்கள் இல்லை, அவர்கள் தம் மொழியை மறந்த துருக்கியரே என்று வாதிட்டோரும் அந்நாளில் இருந்தனர். அவர்களுக்கு விடையளித்தவர் சத்ருத்தீன் ஐனி. புகாராவின் அருகே 1878இல் பிறந்த இவர், சீர்திருத்தக் கருத்துடையவர் என்பதற்காக 1917இல் புகாரா அமீரின் ஆணைப்படி 75 கசையடி பெற்றவர். ரூதகி முதலாகத் தம் காலம் வரையுள்ள புலவர்களின் பாடல்களைத் திரட்டி, தாஜிக் இலக்கியத் தொகுப்பொன்றை 1926இல் அவர் வெளியிட்டார். ஆயிரமாண்டு இலக்கியம் உடைய மக்களை இல்லையென்று கூற எவராலும் இயலாது என்பதே அந்நூலின் வாதம்.

ஆனால் அந்நூல் அரபு வரிவடிவத்திலே அச்சாகியிருந்தது. 1920களின் இறுதியில் தாஜிக் மொழிக்கு இலத்தீன் எழுத்து விதிக்கப்பட்டது. 1940ஆம் ஆண்டளவில் அதுவும் மாறி, ருஷ்யரின் சிரில் எழுத்து வந்தது. ஒரே தலைமுறைக்குள் மூன்று எழுத்துக்கள்! புதிய எழுத்தினால் பள்ளிக்கூடங்கள் பெருகின. எழுதப்படிக்கத் தெரிந்தோர் தொகை உயர்ந்தது. இந்நன்மையை மறுத்தல் நேர்மையன்று. ஆயின் பாட்டன் படித்த நூல் பேரனுக்கு வெறுங்கோடாயிற்று. பாட்டனும் பேரனும் பேசிய மொழி ஒன்றே; அவர்கள் வாசித்த ஏடுகள் வேறாயின. பாஞ்ச் ஆற்றின் ஒரு கரையில் ஆப்கானியத் தாஜிக்கன் எழுதும் கடிதத்தை மறுகரையிலுள்ள உறவினன் வாசிக்க இயலாத நிலையும் ஏற்பட்டது.

யாழ்ப்பாணத்திலே நிகழ்ந்ததை இதனோடு ஒப்புநோக்குதல் தகும். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏடுகளைத் தேடி, வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் அச்சிற் பதிப்பித்தார். பனையோலையிலிருந்து தாளுக்கு ஏறியபோது புள்ளிகள் தெளிவுபெற்றன. ஆனால் எழுத்து அதே தமிழெழுத்தாக நின்றது. ஆகவே, பழமைக்கும் புதுமைக்கும் இடையிலே பாலம் முறியவில்லை. பின்னர் 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் தீக்கிரையாகி, சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தபோது இம்மக்கள் அடைந்த துயர் சொல்லுந்தரத்ததன்று. அங்கே வாசிப்போர் இருந்தனர்; நூல்கள் போயின. தாஜிக்கர் நாட்டிலோ, எஞ்சிய நூல்கள் இருந்தன, வாசிப்போர் போயினர். இரண்டும் இழப்பே. எனினும் முன்னதை மறுபதிப்பினால் ஓரளவு ஈடுசெய்யலாம். பின்னதை ஈடுசெய்ய ஒரு தலைமுறை முழுவதும் மீண்டும் அரிச்சுவடி தொடங்க வேண்டும்.

தாஜிக்கர் அதற்கும் முயன்றனர். 1989இல் தாஜிக் மொழி குடியரசின் அரசமொழியாகச் சட்டம் பிறந்தது. பழைய எழுத்தைக் கற்பிக்கவும் அச்சட்டம் வழிசெய்தது. 1991இல் நாடு விடுதலையடைந்தது. ஆனால் 1992 முதல் 1997 வரை உள்நாட்டுப் போர் மூண்டது. போர் நடக்கும் வீட்டிலே பிள்ளைக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பது எத்துணை அரிது என்பதை யாழ்ப்பாணக் குடாநாட்டாருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சிரில் எழுத்தே இன்றும் அங்கே வழக்கில் உள்ளது.

எனினும் மொழி மாளவில்லை. ரூதகியின் பாடல்கள் சிரில் எழுத்திலே பதிப்பிக்கப்பட்டுப் பள்ளிகளிற் பயிலப்படுகின்றன. எழுத்தின் வேலி தடுத்த இடத்திலும் செவி வழியே பாட்டு உட்புகுந்தது. அன்று புத்தளத்திலே தமிழ் மன்னனும் மொரொக்கோப் பயணியும் தம் தாய்மொழியல்லாத ஒரு மொழியிலே கதை கேட்டு மகிழ்ந்தனர். அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் தம் முன்னோரின் கதையைத் தாமே வாசிக்கும் நாள் வரவேண்டும் என்று விரும்புதல், ஏடு காத்த மக்களுக்கு இயல்பேயாகும்.