காந்தம் கட்டியும் உப்புப் படிந்தது
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைதான் படிச்சவ. மேடையில் பேசிப் பழக்கமில்லை. எங்க குழுப் பணம் 8,500 ரூபாய் எப்படிப் போகாமல் நின்றது என்பதை மட்டும் சொல்றேன்.

எங்க குழுவில் 12 பேர். வங்கிக் கடன் வாங்கி இட்லிக் கடை நடத்துகிறோம். எங்க ஊர் போர் தண்ணி சரியான உப்பு. துணிக்கு சோப்புப் போட்டால் நுரையே வராது. இட்லி ஸ்டீமர் அடியில் வெள்ளையாகப் படிந்து, ஒரு மாதத்தில் தோசைக் கனம் ஆகிவிடும். அப்புறம் தண்ணி கொதிக்கவே நேரமாகும். சிலிண்டர் சீக்கிரம் தீரும். சுரண்டிச் சுரண்டி எங்க கை தேய்ந்ததுதான் மிச்சம்.

அப்போது என் நாத்தனார் வீட்டுக்காரர் மூலமாக ஒருத்தர் வந்தார். குழாய் மேலே ரெண்டு பக்கமும் காந்தம் வைத்துக் கட்டினால் இனிமேல் உப்பே படியாது என்றார். விலை 8,500. அவரைக் குழுக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தது நான்தான். "வாங்கலாம்க்கா, நான் பொறுப்பு"ன்னு சொன்னதும் நான்தான். எல்லோரும் கை தூக்கிட்டாங்க. தீர்மான நோட்டில் எழுதப் போகும்போது எங்க குழுப் பெரியம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. "காந்தம் கட்டினா அந்த உப்பு எங்கம்மா போகும்? தண்ணிக்குள்ளதானே இருக்கு?"

எனக்கு பதில் தெரியலை. அதனால், "ஒரு மாசம் கட்டிப் பார்க்கிறோம், அப்புறம் காசு தர்றோம்"ன்னு அவரிடம் கேட்டோம். அரை மனசாகச் சம்மதித்தார்.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு 5 பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதனைப் பயிற்சி கொடுத்தாங்களே, அதில் நானும் ஒருத்தி. நாம உப்புன்னு சொல்றது கறியில் போடும் உப்பு மட்டும் இல்லை. பாறைக்குள் ஊறி வரும் தண்ணியில் சுண்ணாம்புச் சத்து கரைந்திருக்கும். கொதிக்க வைத்தால் அது பிரிந்து பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். இதைத்தான் கடினத்தன்மை என்கிறார்கள். குடிதண்ணிக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணி இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். பரிசோதனைப் பெட்டி மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தேன். காந்தத்துக்கு முன்னாடி 700. காந்தம் தாண்டி வந்த தண்ணியும் அதே 700.

இதைச் சொன்னதும் அவர், "உப்பு குறையாதும்மா, ஆனா பாத்திரத்தில் ஒட்டாது" என்றார். சரி, அதையும் பார்ப்போம்னு ஒரே மாதிரி ரெண்டு எவர்சில்வர் பாத்திரம் எடுத்தோம். ஒன்றில் தொட்டியிலிருந்து மொண்ட தண்ணி, இன்னொன்றில் காந்தம் கட்டிய குழாய்த் தண்ணி. தினம் 3 லிட்டர் ஊற்றி, பாதியாகச் சுண்டும்வரை கொதிக்க வைத்தோம். ஒரு அடுப்பில் தீ அதிகம் என்று யாரும் சொல்லக் கூடாதென்று அடுப்பையும் மாற்றி மாற்றி வைத்தோம். 15 நாள் கழித்துச் சுரண்டி, காய வைத்து, மளிகைக்கடைத் தராசில் நிறுத்தோம். ரெண்டுக்கும் ஒரு கிராம் கூட வித்தியாசமில்லை. ரெண்டும் ஒரே மாதிரி கெட்டியாகத்தான் ஒட்டியிருந்தது.

என் அக்கா மகள் காலேஜில் படிக்கிறா. இந்தக் காந்த முறைக்கு பெல்ஜியம் நாட்டில் 1945-லேயே காப்புரிமை வாங்கியிருக்காங்க, ஆனா சில சோதனையில் படிவு குறைந்திருக்கு, பல சோதனையில் ஒன்றுமே ஆகலை என்று படித்துச் சொன்னா. ஆக, காந்தமே பொய்னு நான் சொல்ல வரலை. எங்க தண்ணிக்கு, எங்க ஸ்டீமருக்கு உதவலை. 8,500 ரூபாய் எங்களுக்குப் பெரிய காசு.

அடுத்த கூட்டத்தில் எழுந்து, "நான் சொன்னது தப்பு"ன்னு சொன்னேன். சொல்ல நாக்கு எழலை. நாத்தனார் வீட்டில் ஒரு மாதம் பேச்சில்லை. ஆனால் குழுவில் ஒருத்தரும் என்னைக் குத்திப் பேசலை. காந்தத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

இப்போது ஸ்டீமருக்குக் கூட்டுக் குடிநீர்த் தண்ணிதான். அது ஆற்றுத் தண்ணி, உப்பு கம்மி. மழை பெய்தால் ஓட்டுத் தண்ணியைப் பிடித்து வைக்கிறோம். வாரம் ஒரு ராத்திரி ஸ்டீமரில் புளித் தண்ணியோ வினிகரோ ஊற்றி ஊற விடுகிறோம். புளிப்பு சுண்ணாம்பைக் கரைக்கும். காலையில் தேய்த்தால் வந்துவிடும். இது எவர்சில்வருக்குத்தான். அலுமினியப் பாத்திரத்தில் புளிப்பை ஊற விடாதீங்க, பாத்திரத்தையே அரித்துவிடும்.

எங்க தீர்மான நோட்டில் இப்போது ஒரு வரி இருக்கிறது: குழுப் பணத்தில் எந்தக் கருவி வாங்கினாலும், முதலில் 15 நாள் நாமே வைத்துப் பார்க்க வேண்டும். கூட்டிக்கொண்டு வருகிறவர் சொந்தக்காரராக இருந்தாலும் இதேதான். உங்க நோட்டிலும் இந்த வரியை எழுதிக்கோங்க அக்கா. சந்தாக் காசு நாம களை எடுத்து, பால் ஊற்றிச் சேர்த்தது.